உச்சி நட்சத்திரத்தைக் கடையில் தேட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்கள் எந்தக் கடைத்தொகுதியில் என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். ஆனால், மரத்தின் உச்சியில் வைக்கும் நட்சத்திரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது எனக்கு ஒப்பவில்லை. மணிகளையும் தோரணங்களையும் வாங்கிக்கொள்ளட்டும். நட்சத்திரத்தைக் கையால் கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்களே!

தமிழ்நாட்டில் டிசம்பர் பிறந்தால் மூங்கிலைச் சிம்பாகச் சீவி, நட்சத்திரக் கூடு கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கிட்டு வாசலில் தொங்கவிடுவார்கள். அதே கூட்டைச் சிறிதாகக் கட்டினால் மரத்தின் உச்சிக்கு ஆயிற்று. மூங்கிலுக்கு இங்கே சிங்கப்பூரில் எங்கே போவது என்று கேட்க வேண்டாம். ஈரச்சந்தைப் பக்கம் எந்த மளிகைக் கடையிலும் சாத்தே குச்சி, அதாவது இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சி, கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது.

கூர்முனையை வெட்டிவிட்டு, 25 சென்டிமீட்டர் நீளத்தில் பத்துக் குச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு முனைகளிலிருந்தும் 9.5 சென்டிமீட்டரில் பென்சிலால் குறியிடுங்கள். கையெடுக்காமல் நட்சத்திரம் வரைவோமே, அந்த வடிவில் ஐந்து குச்சிகளை அடுக்கி, குறிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வைத்தால், முனைகளில் 36 பாகைக் கோணம் தானாகவே அமைந்துவிடும். தொடக்கநிலை ஆறாம் வகுப்பில் கோணங்களோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சித் தாள் எனக்குத் தெரியவில்லை. (ஜெர்மனியின் நீஸ்கி நகரில் 1830களில் மொரேவியத் திருச்சபை என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளி ஒன்றில் வடிவியல் பாடமாகச் செய்த காகித நட்சத்திரம்தான் இன்று மொரேவிய நட்சத்திரம் என்று உலகெங்கும் தொங்குகிறது.)

இப்படி இரண்டு கூடுகள் கட்டி, ஐந்து முனைகளிலும் சேர்த்து நூலால் இறுக்குங்கள். பூக்கட்டும் பருத்தி நூலே நல்லது. ஒட்டுநாடா மூங்கிலில் பிடித்து நிற்காது. பிறகு, உள்ளே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் இரண்டு கூடுகளுக்கும் நடுவே 4 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்துக் கட்ட வேண்டும். நட்சத்திரம் புடைத்து நிற்பது இந்த முட்டுக் குச்சிகளால்தான். இவை இல்லையென்றால் கிடைப்பது வெறும் தட்டை வடிவம்.

ஊரில் மைதா பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் பொருளுக்கு ஆகாது. அதைச் சேர்க்காமல் வெறும் மைதாவால் ஒட்டினாலோ, இந்த ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பான் பூச்சியும் தேடி வரும். வெள்ளைப் பசையே போதும். உள்ளே வைக்க மின்கலத்தில் எரியும் சிறிய எல்இடி சரவிளக்கு போதும், மெழுகுவர்த்தி கூடவே கூடாது. சரவிளக்கு பொத்தான் மின்கலத்தில் இயங்கினால், அதன் பெட்டி திருகாணியிட்டு மூடியதாக இருக்கட்டும். குழந்தை விழுங்கிவிட்டால் அந்தச் சின்ன வில்லை உணவுக்குழாயையே அரித்துவிடும்.

இனி, மரத்தில் ஏற்றுவது. பிளாஸ்டிக் மரத்தின் உச்சிக்கொம்பு வெறும் கம்பி என்பதால், கடையில் வாங்கும் கனமான நட்சத்திரம் இரண்டே நாளில் தலைகவிழ்ந்துவிடுகிறது. கொம்போடு ஒரு சாப்ஸ்டிக்கைச் சேர்த்துக் கட்டுங்கள். நட்சத்திரத்தின் கீழ்க்கால்கள் இரண்டுக்கும் நடுவே பபிள் டீ குடிக்கும் அகலமான உறிஞ்சுகுழல் ஒன்றைச் செருகிக் கட்டி, அதைச் சாப்ஸ்டிக்கின்மேல் இறக்கினால் அசையாது. மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் மரத்தை நிறுத்தாதீர்கள்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பணிபுரியும் ஒரு பிலிப்பினோப் பெண் இதே கூட்டை இன்னும் வேகமாகக் கட்டுகிறார். அவர்கள் ஊரில் அதற்குப் பரோல் என்று பெயர், கீழே இரண்டு காகித வால்களும் உண்டு. நம் பிள்ளைகள் அவரிடமும் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

விடுமுறைக் கைவினை வகுப்புகள் பலவற்றில், வெட்டி வைத்த நுரை அட்டையில் ஜிகினாத்தூள் தூவச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த அட்டை ஜனவரியில் குப்பைக் குழாய்க்குள் போய், எரிந்து, சாம்பலாகச் செமக்காவ் தீவைச் சேரும். 1999இல் திறந்த அந்தக் குப்பை நிரப்பிடம் 2035வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். சாத்தே குச்சியும் ஒருநாள் எரியத்தான் போகிறது, அதனால் சுற்றுச்சூழலைக் காட்டி நான் வாதிடவில்லை. முடிச்சுப் போடவும் அளந்து வெட்டவும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்பதே என் கவலை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி விடுமுறை முடிவதற்குள் மாணவர் பக்கத்தில் இந்த நட்சத்திரத்தின் படத்தை உண்மையான அளவிலேயே அச்சிடுங்கள். 25 சென்டிமீட்டர் உங்கள் பக்கத்தில் தாராளமாக அடங்கும். பிள்ளைகள் நாளிதழைத் தரையில் விரித்து, கோடுகளின்மேலேயே குச்சிகளை வைத்துக் கட்டிவிடுவார்கள். எந்தக் குச்சி மேலே, எது கீழே என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். வேண்டுமானால் நானே வரைந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்,
ஈசூன்