ஹாலே ஊரில் நம்முடைய எழுத்து

ஹாலே, ஜெர்மனி
மே 12

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் நிம்மதி. பேத்திக்குப் பல் முளைத்த செய்தியை மகளிடம் வாசித்துக் காட்டினேன், அவளுக்கும் சந்தோஷம். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, நாம் இருவரும் கோத்த நம் அச்சகத்து ஈய எழுத்தையெல்லாம் எடைக்குப் போடப் பேசிவிட்டார்கள் என்று, அதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நான் இங்கே பார்த்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை.

மகளுக்கு இங்கே பல்கலைக்கழகத்து ஆய்வகத்தில் வேலை. அவள் காலையில் கிளம்பிப் போனதும் நான் டிராம் ஏறிவிடுவேன். சாலே என்ற ஆற்றின் கரையில் இருக்கிறது ஊர். எழுத்தில் இதன் பெயர் முதலில் வருவது 806ஆம் ஆண்டில். இந்த ஊருக்குச் சோறு போட்டது உப்பு. கடல் எங்கோ இருக்கிறது, ஆனால் ஊருக்கு நடுவிலேயே உப்புநீர் ஊற்றுகள். அதை இறைத்துப் பெரிய தட்டுகளில் காய்ச்சி உப்பெடுத்தவர்களை ஹாலோரன் என்கிறார்கள். அவர்களுடைய சங்கம் இன்றைக்கும் இருக்கிறது. விசேஷ நாட்களில் உருண்டை உருண்டையாக வெள்ளிப் பொத்தான் வைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பொத்தான் மாதிரியே ஒரு சாக்லேட் உருண்டை, ஹாலோரன் கூகெல் என்று பெயர். செய்கிற ஆலை 1804இல் தொடங்கியது. பேத்திக்கு ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன்.

சந்தை மைதானத்தில் ஐந்து கோபுரங்கள். நான்கு தேவாலயத்துடையவை, ஒன்று தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரம். பதினாறாம் நூற்றாண்டில் இரண்டு பழைய கோயில்களை இடித்து ஒன்றாகக் கட்டியபோது கோபுரங்களை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். 1546இல் மதச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூதர் இறந்தபோது, விட்டன்பர்க் கொண்டுபோகும் வழியில் அவர் உடலை இங்கே வைத்திருந்தார்கள். முகத்தையும் கைகளையும் மெழுகில் அச்செடுத்தது இந்தக் கோயிலில் இருக்கிறது. அந்தக் கைகளைப் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. அத்தனையும் எழுதிய கை.

மைதானத்து நடுவில் சிலையாக நிற்பவர் இசையமைப்பாளர் ஹாண்டல். 1685 பிப்ரவரி 23இல் இந்த ஊரில் பிறந்தவர். அப்பா நாவிதரும் ரண வைத்தியருமாக இருந்தவர். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அவர் ஆசை. பையன் ஆர்கன் வாசித்ததைக் கேட்ட ஒரு சிற்றரசர்தான் அப்பாவின் மனசை மாற்றினார் என்று சொல்வார்கள். பதினெட்டு வயதில் ஊரைவிட்டுப் போய், கடைசியில் லண்டன்காரராகவே ஆகிவிட்டார். சிலையின் முகம் இங்கிலாந்துப் பக்கம் பார்த்திருக்கிறது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். நீ வந்தால் அங்கே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாய்.

நான் உட்கார்ந்தது வேறு இடத்தில். பழைய நகர எல்லைக்குத் தெற்கே பிராங்கே நிறுவனங்கள் என்று ஒரு வளாகம். கிளவ்ஹா என்ற சேரி அப்போது அது. கொள்ளைநோய் வந்துபோய் அனாதைப் பிள்ளைகளும் சாராயக்கடைகளுமாகக் கிடந்த இடம். 1692இல் அங்கே போதகராக வந்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. 1695இல் ஒரு நாள் அவர் வீட்டு உண்டியலில் அந்தக் காலத்து நாணயத்தில் நாலு தாலரும் பதினாறு குரோஷனும் விழுந்திருந்தன. இது நல்ல மூலதனம், இதை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிடலாம் என்றாராம். தொடங்கியும்விட்டார். மூன்றே வருஷத்தில் அனாதை இல்லத்துக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. 1727இல் அவர் இறந்தபோது அங்கே இரண்டாயிரத்துக்கும் மேல் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடை, புத்தகக்கடை, அச்சகம் எல்லாம் சொந்தமாக நடத்தி, அந்த வருமானத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள்.

அச்சகம் என்றதும் நீ நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய். கேள். 1710இல் கான்ஸ்டைன் என்ற பிரபு இங்கே பைபிள் அச்சிடத் தனியாக ஒரு நிறுவனம் ஆரம்பித்தார். ஏழைகள் வாங்குகிற விலையில் புத்தகம் கொடுக்க வேண்டும். அதற்கு என்ன வழி கண்டார் தெரியுமா? ஈய எழுத்தைப் பக்கம் பக்கமாகக் கோத்துப் பூட்டிய ஃபாரத்தைப் பிரிக்கவே பிரிக்காமல் அப்படியே நிறுத்தி வைப்பது! நாம் நாலு பக்கம் ஓட்டினதும் கோத்த எழுத்தைப் பிரித்து, அறை அறையாக உள்ள கேஸ் பெட்டியில் போட்டால்தான் அடுத்த நாலு பக்கத்துக்கு எழுத்து கிடைக்கும். இங்கே பைபிள் முழுவதையும் ஈயத்தில் நிற்க வைத்துவிட்டார்கள். எத்தனை டன் ஈயம் முடங்கிக் கிடந்திருக்கும் என்று நினைத்துப் பார். ஆனால் ஒரு தடவை கோத்தால் போதும், பிழை திருத்தியது திருத்தியதுதான், எப்போது வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம். நம் முதலாளி காலத்தில் கல்யாணப் பத்திரிகை ஃபாரத்தைக்கூட நாள் கடத்தாமல் பிரிக்கச் சொல்வார், ஞாபகம் இருக்கிறதா?

இந்த வளாகத்திலிருந்துதான் நம் ஊர்ப்பக்கம் எழுத்து வந்தது. ஹாலேயில் கொஞ்ச காலம் படித்த பாதிரியார் சீகன்பால்க் 1706 ஜூலையில் புளூட்சோ என்ற இன்னொரு பாதிரியாருடன் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். டேனிஷ் ராஜா அனுப்பினார், ஆனால் பின்னால் இருந்து தாங்கியது ஹாலேதான். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர் அவர். தமிழில் புத்தகம் போட வேண்டும் என்று கேட்டபோது, ஹாலேயில் தமிழ் எழுத்து வார்த்து அச்சுப்பொறியோடு அனுப்பினார்கள். 1713இல் வந்து சேர்ந்தது. தமிழில் அச்சு அதற்கு முன்பே உண்டு, 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற புத்தகம் வந்துவிட்டது. ஆனால் அந்த வேலை நடுவில் அறுந்துபோனது. திரும்பப் பிடித்தது இவர்கள்.

எனக்கு ஆச்சரியம் அதில் இல்லை. அந்தக் காலத்து முறை உனக்குத் தெரியும். எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தை இடம் வலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துக் குழி எடுத்து, ஈயத்தை உருக்கி ஊற்ற வேண்டும். தமிழே காதில் விழாத ஒரு மனுஷன், கப்பலில் வந்த மாதிரி எழுத்தைப் பார்த்து, 'ஞ'வின் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது, 'ண'வுக்கும் 'ன'வுக்கும் எத்தனை வளைவு என்று எண்ணி எண்ணிச் செதுக்கியிருக்கிறான். ஜெர்மன் கேஸுக்கு எழுத்து எத்தனை, நமக்கு எத்தனை! கி, கீ, கு, கூ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. அந்தக் கைக்காரனின் பெயரை எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை.

வந்த எழுத்து அளவில் பெரிது. காகிதம் கப்பலில் வர வேண்டும், அந்த அளவில் ஓட்டினால் தாங்காது. அதனால் இங்கேயிருந்து போன ஆட்கள் பொறையாரிலேயே பட்டறை போட்டுச் சின்ன எழுத்தாக வார்த்தார்கள், காகித ஆலையும் வைத்தார்கள். உன் வீட்டிலிருந்து கடுதாசிப்பட்டறைக்கு எத்தனை தூரம்? தினமும் சைக்கிளில் தாண்டிப் போனோமே, அந்தப் பெயர் ஏன் வந்தது என்று ஒரு நாளாவது கேட்டோமா? 1715இல் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவந்தது.

1716இல் இந்த ஹாலே அனாதை இல்லத்து அச்சகத்திலேயே சீகன்பால்க்கின் தமிழ் இலக்கணம் வந்தது. விளக்கம் லத்தீனில், உதாரணம் தமிழில். அவர் ஐரோப்பாவுக்கு வந்தபோது கூடவே மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் வந்திருந்தார். கப்பலிலும் இங்கேயும் அவரோடு சேர்ந்துதான் தமிழ் வேலை நடந்தது. தரங்கம்பாடிக் கடற்கரையில் சீகன்பால்க்குக்குச் சிலை இருக்கிறது. மலையப்பனுக்கு எங்கே இருக்கிறது? ஹாலேயின் பெரிய மனிதர்கள் என்று பட்டியல் போடுகிற யாரும் அவரைச் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன்.

மேல்மாடிக் கூரையடியில் ஒரு அதிசயப் பொருள் கூடம் இருக்கிறது. 1741இல் ஒழுங்குபடுத்தியது அப்படியே நிற்கிறது. மேலே முதலை ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு அலமாரியின் நெற்றியிலும் உள்ளே இருப்பதைப் படமாக வரைந்திருக்கிறார்கள், கிளிஞ்சல் அலமாரிக்குக் கிளிஞ்சல். நம் பக்கத்து ஓலைச்சுவடியைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. இங்கே ஆவணக் காப்பகத்தில் தமிழ்ச் சுவடிகள் நிறைய இருக்கின்றன. தஞ்சாவூர் சரபோஜி மன்னர் தகப்பன் மாதிரி நினைத்த பாதிரியார் ஸ்வார்ட்ஸ், 1779இல் வேப்பேரியில் தமிழ்–ஆங்கில அகராதி வெளியிட்ட பப்ரிசியஸ் எல்லோரும் இங்கே படித்துவிட்டு வந்தவர்களே.

பிராங்கேயிடம் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. நம் தெய்வங்களைப் பற்றி, நம் ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, சீகன்பால்க் ஒரு பெரிய நூல் எழுதி 1713இல் அனுப்பினார். பிராங்கே அச்சிட மறுத்தார். உங்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் எண்ணம். அது கடைசியில் அச்சேறியது 1867இல், நம் சென்னையில். நூற்றைம்பது வருஷம் கையெழுத்திலேயே கிடந்தது. இதே பிராங்கேயின் ஆட்களோடு மோதியவர்தான் இந்தப் பல்கலைக்கழகத்துத் தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியான் வோல்ஃப். வேதம் அறியாத சீனர்களும் அறத்தோடு வாழ்கிறார்கள் என்று 1721இல் பேசினார். 1723இல், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டுப் போகாவிட்டால் தூக்கு என்று இந்த நாட்டு ராஜா உத்தரவு போட்டார். 1740இல் அடுத்த ராஜா மரியாதையோடு திரும்ப அழைத்தார்.

அதே பல்கலைக்கழகத்தில்தான் இன்றைய கானாவிலிருந்து குழந்தையாகக் கொண்டுவரப்பட்ட ஆன்டன் வில்ஹெல்ம் ஆமோ 1727இல் சேர்ந்து படித்து, பிறகு பாடமும் நடத்தினார். ஐரோப்பாவில் கறுப்பர்களுக்குள்ள உரிமை என்ன என்பது அவர் 1729இல் வாதிட்ட பொருள். 1754இல் டோரோதியா எர்க்ஸ்லேபன் இங்கே டாக்டர் பட்டம் வாங்கினார், ஜெர்மனியில் ஒரு பெண் மருத்துவத்தில் வாங்கிய முதல் பட்டம். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே படித்தவர் என்று மகள் சொல்லும்போது அவள் குரலே மாறியது. முடிவிலியிலும் சிறிது பெரிது உண்டு என்று நிரூபித்த கணித மேதை கான்டர் 1869இல் வந்தவர், பெர்லினுக்குப் போக ஆசைப்பட்டும் கிடைக்காமல், 1918இல் இங்கேயே மருத்துவமனையில் இறந்தார்.

யூதர்களின் ஆலயத்துப் பக்கமும் போனேன். 2019 அக்டோபர் 9, அவர்களுடைய பெரிய விரத நாள். துப்பாக்கியோடு வந்தவனுக்குக் கதவு திறக்கவில்லை, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே இரண்டு பேரைக் கொன்றான். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது உன் வரிக்கு வருகிறேன். இந்த அனாதை இல்லம் கிழக்கு ஜெர்மனி காலத்தில் கூரை ஒழுகிச் சுவர் பிளந்து கிடந்தது. கட்டடத்துக்கு எதிரிலேயே ஒரு மேம்பாலத்தையும் கட்டிவிட்டார்கள். 1990க்குப் பிறகு மரம் மரமாக எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள மரச்சட்ட வீடு இன்று நிமிர்ந்து நிற்கிறது. அப்படியிருக்க நாம் நம் எழுத்தை எடைக்குப் போடுகிறோம்.

எல்லாவற்றையும் காப்பாற்ற இடமில்லை என்று எனக்கும் தெரியும். முதலாளியின் பிள்ளைகளிடம் பேசிப் பார். பன்னிரண்டு பாயிண்ட் அளவு எழுத்துக் கேஸ் ஒரு ஜோடி, கோத்த வரிகளை வைக்கிற காலித் தட்டு ஒன்று, கையில் பிடித்து நான் எழுத்துக் கோத்த ஸ்டிக் இவ்வளவு போதும். ஈயத்து விலையை நான் வந்ததும் கொடுத்துவிடுகிறேன். ஆடி பிறப்பதற்குள் ஊருக்கு வந்துவிடுவேன். அதுவரை உன் வீட்டுத் திண்ணை அறையில் வை. 'ஞ' அறையையும் 'ங' அறையையும் கவிழ்க்காமல் தூக்கச் சொல், அவை எப்போதுமே நம்மிடம் குறைவு.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்
கணேசன்