சின்னாவையும் சேர்த்துப் படிக்க விடுங்கள்

பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைப் பல வருடங்களாக மாணவர்களோடு உட்கார்ந்து வாசித்து வருகிறேன். அதில் நீங்கள் பாடமாக வைத்திருப்பது ஒரே ஒரு காட்சி. மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சி, புரூட்டஸும் மற்ற சதிகாரர்களும் கொன்றுவிட்ட சீசரின் உடலைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு, சீசரின் நண்பன் ஆண்டனி பேசுகிற இடம். முன்கதை அரைப் பக்கச் சுருக்கமாக இருக்கிறது. பின்கதைக்கு ஒரு வரி. தேர்வில் வருகிற கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆண்டனியின் பேச்சுத்திறனை விளக்குக.

அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொல்லி நான் எழுதவில்லை. உலக நாடகங்களில் அதற்கு இணையான மேடைப்பேச்சு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அதை மட்டும் தனியாகப் படிக்கிற பிள்ளை ஆண்டனியின் கூட்டத்தில் ஓர் ஆளாகிவிடுகிறது. கூட்டத்துக்குக் காட்டப்பட்டதை மட்டும் பார்க்கிறது, அது அழுத இடத்தில் அழுகிறது, கைதட்டிவிட்டுக் கலைந்துபோகிறது. பேச்சு முடிந்த பிறகு என்ன நடந்தது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

ஒரு வருடம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல குரல் உள்ள ஒரு பையன் ஆண்டனியாக வாசித்தான். மற்ற எல்லோரும் ரோமாபுரிக் கூட்டம். "புரூட்டஸ் மாண்புமிக்கவர்" என்ற வரி திரும்பத் திரும்ப வரும்போது அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதல் தடவை மரியாதை. நாலாவது தடவை அதே சொல் வசவாகிவிட்டது. சீசரின் உயிலைப் படிக்கச் சொல்லி வகுப்பே கத்தியது. முடிந்ததும் பலத்த கைதட்டல். நானும் தட்டினேன்.

மறுநாள் மூன்றாம் காட்சி. மொத்தம் நாற்பது வரிதான் இருக்கும். சின்னா என்றொரு கவிஞன் தெருவில் வருகிறான். நேற்றைய கூட்டத்தில் நாலு பேர் அவனை மறித்துக்கொண்டு கேள்வி கேட்கிறார்கள். பேர் என்ன, எங்கே போகிறாய், எங்கே குடியிருக்கிறாய், கல்யாணம் ஆனவனா ஆகாதவனா? ஆரம்பத்தில் வகுப்பு சிரித்தது, அது சிரிக்கும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. பேர் சின்னா என்றதும் பிடித்துக்கொள்கிறார்கள், சதிகாரர்களில் ஒருவனுக்கும் அதே பேர். நான் அந்தச் சின்னா இல்லை, கவிஞன் சின்னா என்று அவன் கதறுகிறான். அப்படியா, மோசமான கவிதை எழுதியதற்காகக் கிழித்துப் போடுங்கள் என்கிறது கூட்டம். சிரிப்பு எந்த வரியில் நின்றது என்று சொல்ல முடியவில்லை, ஆனால் நின்றுவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "சார், இவங்க நேத்து அழுதவங்கதானே?"

அந்தக் கேள்வி வருவதற்காகவே அந்தக் காட்சி அங்கே இருக்கிறது. உங்கள் பாடநூலில் அது இல்லை.

அடுத்து நாலாம் அங்கத்தின் முதல் காட்சியைப் பாருங்கள். சீசருக்குப் பிறகு அதிகாரத்தைப் பிடித்த ஆண்டனி, ஆக்டேவியஸ், லெப்பிடஸ் மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, யார் யாரைக் கொல்லலாம் என்று பெயர்ப்பட்டியலில் குறியிடுகிறார்கள். லெப்பிடஸின் சகோதரன் பெயர் வருகிறது. சரி என்கிறான் லெப்பிடஸ், பதிலுக்கு ஆண்டனியின் சகோதரி மகனும் சாக வேண்டும் என்கிறான். ஆண்டனி யோசிக்கவே இல்லை, மருமகன் பெயரில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறான். பிறகு லெப்பிடஸை அனுப்பி, சீசரின் உயிலை எடுத்துவரச் சொல்கிறான். எதற்கு? அதில் எழுதியிருக்கிற கொடைகளில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பதற்கு. ரோமாபுரிக் குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 டிராக்மா என்று கூட்டத்தின் நடுவில் கண்ணீரோடு வாசித்தானே, அதே உயில்.

இதைப் படித்த பிறகு மறுபடி அந்தச் சொற்பொழிவுக்குப் போனால் கண்ணில் படுவதே வேறு. சீசரின் மேலாடையை விரித்துப் பிடித்து, இங்கே காசியஸின் கத்தி இறங்கியது, இங்கே காஸ்கா கிழித்தான், இது புரூட்டஸ் குத்தியது என்று ஆண்டனி ஒவ்வொரு ஓட்டையாகக் காட்டுகிறான். கொலை நடந்தபோது அவன் அங்கே இல்லவே இல்லை! மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியிலேயே, சதிகாரர்களில் ஒருவனான டிரெபோனியஸ் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். எந்த ஓட்டை யாருடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டாம் காட்சியை மட்டும் கையில் வைத்திருக்கிற மாணவனால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. கேட்பதற்கு வேண்டிய சாட்சியம் அவனுக்குத் தரப்படவில்லை.

புரூட்டஸ் பக்கமும் இதே கதைதான். சுருக்கத்தில் அவன் "நாட்டுக்காக நண்பனைக் கொன்ற உத்தமன்". இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியில், விடியாத இருட்டில் தோட்டத்தில் நின்று அவன் தனக்குள் பேசுவதை வரிவரியாகக் கேட்டுப் பாருங்கள். சீசர் சாகத்தான் வேண்டும் என்ற முடிவோடு ஆரம்பிக்கிறான். காரணங்கள் அதற்குப் பிறகு வருகின்றன. சீசர் இதுவரை செய்த தவறு என்று ஒன்றையும் அவனால் சொல்ல முடியவில்லை. ஆகவே, இனிமேல் செய்யக்கூடும், பாம்பை முட்டையிலேயே நசுக்கிவிடலாம் என்கிறான். நல்ல மனிதன் ஒருவன் தன்னைத்தானே எப்படி ஏமாற்றிக்கொள்கிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆண்டனி கூட்டத்தை ஏமாற்றுவதற்கு முன்பே நடந்துவிட்ட ஏமாற்று இது.

அப்புறம் புரூட்டஸ் மேடையில் பேசுகிறான், உரைநடையில், கணக்குப் பாடம் மாதிரி அளந்து. முடியாட்சி வந்துவிடக் கூடாது என்பதற்காகக் கொன்றேன் என்று விளக்குகிறான். கூட்டத்தில் ஒருவன் கத்துகிறான்: "இவரே சீசராகட்டும்!" பேசியது ஒன்று, காதில் விழுந்தது வேறு. ஆண்டனி வாய் திறப்பதற்கு முன்பே புரூட்டஸ் தோற்றுவிட்டான் என்பதற்கு இந்த ஒரு வரி போதும். நேற்று சீசரின் எதிரியான தளபதி பாம்பேயை வாழ்த்தியவர்கள் இன்று பாம்பேயின் பிள்ளைகளை வென்றவனை வாழ்த்துகிறார்களே என்று நாடகத்தின் முதல் காட்சியிலேயே மாருல்லஸ் என்ற ரோமாபுரி அதிகாரி திட்டுகிறான். அதைப் படித்தவனுக்குத்தான் இந்தக் கூச்சலின் அர்த்தம் புரியும்.

ஐந்தாம் அங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. போர்க்களம், வருவதும் போவதுமாக இருக்கும். நானும் வேகமாகத்தான் தாண்டுவேன்.

சின்னா காட்சியை விட்டுவிடுவது உங்களோடு தொடங்கிய வழக்கம் இல்லை என்பதும் தெரியும். நாடக மேடையிலேயே வெகுகாலம் அதை வெட்டிவிட்டுத்தான் நடித்தார்கள். 1937ல் நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ் இந்த நாடகத்தைத் தன் காலத்து பாசிஸ்டுகளின் உடையில் போட்டபோது அதைத் திரும்பக் கொண்டுவந்தார், பார்த்தவர்களை உலுக்கியது அந்தக் காட்சிதான். ஐரோப்பாவில் முசோலினியும் ஹிட்லரும் ஆண்டுகொண்டிருந்த வருடம் அது.

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் ஒரு கைதியிடம் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முழுத்தொகுப்பு இருந்தது. தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, மத நூல் என்று சொல்லிக் காப்பாற்றி வைத்திருந்தார். சக கைதிகள் ஆளுக்கொரு பகுதியில் கையெழுத்திட்டார்கள். நெல்சன் மண்டேலா 1977 டிசம்பர் 16ல் கையெழுத்திட்ட இடம் இந்த நாடகத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது ஆண்டனியின் பேச்சு இல்லை. கோழைகள் சாவதற்கு முன் பலமுறை சாகிறார்கள் என்று இரண்டாம் அங்கத்தில் சீசர் மனைவியிடம் சொல்கிற வரிகள். முழுப் புத்தகம் கையில் இருந்ததால் தனக்கு வேண்டிய வரியை அவரால் தேட முடிந்தது.

நேரம் போதாது என்பீர்கள், அது உண்மைதான். பதினெட்டுக் காட்சிகளையும் வைக்க முடியாவிட்டால் ஐந்து காட்சிகள் வையுங்கள்: முதல் காட்சி, புரூட்டஸின் தோட்டம், சொற்பொழிவு, சின்னா, பெயர்ப்பட்டியல். ஒரு நாளைக்கு ஒரு காட்சி, வகுப்பில் வாய்விட்டு வாசிக்கிற மாதிரி. பேச்சுத்திறனை விளக்கச் சொல்லும் கேள்விக்குப் பக்கத்தில், அந்தப் பேச்சில் ஆண்டனி சொல்லாமல் விட்டது என்ன என்று ஒரு கேள்வி கேளுங்கள். மனப்பாடம் செய்து அதற்குப் பதில் எழுத முடியாது.

அதற்கும் வழியில்லை என்றால், அடுத்த பதிப்பு அச்சுக்குப் போவதற்குள் மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை மட்டுமாவது சேருங்கள். ஒரு பக்கம்தான் கூடும்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்