கொட்டகைக்குப் பின்னால் சிரித்த தம்பிக்கு

தம்பி,

கிடாவெட்டு அன்றைக்கு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நீங்கள் நாலு பேர் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தீர்களே, என்னைப் பார்த்ததும் சட்டென்று திரையை அணைத்தாய். திட்டுவேன் என்று பயந்திருப்பாய். எனக்குத் திட்ட வாயில்லை, ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது நான் ஹாஸ்டலில் செகண்ட் இயர். அதுவரை ஒரு ஜிபியை மாசம் முழுக்க இழுத்துப்பிடித்து ஓட்டியவர்களுக்கு டேட்டா இலவசம் என்றால் கேட்கவா வேண்டும், ஆபாசப் படங்களை விடியவிடியப் பார்த்தோம். தனியாகப் பார்த்ததைவிட அறையில் ஆறு பேராகப் பார்த்ததுதான் அதிகம். அப்போது எவனும் திரையை மட்டும் பார்க்கவில்லை, பக்கத்தில் இருப்பவன் மூஞ்சியையும் பார்த்தான். யார் நெளிகிறான், யார் முதலில் கமெண்ட் அடிக்கிறான்! நெளிந்தவனுக்கு அன்றைக்கே ஒரு பட்டப்பெயர், ஃபைனல் இயர் வரை அது போகவில்லை. எனக்கு அது வந்துவிடக் கூடாதென்று, பெயர்கூடத் தெரியாத ஒரு ஜூனியர் பெண்ணைப் பற்றி நான் அளந்துவிட்ட கதைகள் இருக்கே... அவளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லாம் அந்த ஐந்து பேருக்காகச் சொன்னது.

பகலில் இந்த ஜம்பம், ராத்திரியில் பயம். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரெல்லாம் 'ஆண்மைக் குறைவா?' நோட்டீஸ், நடுராத்திரி டிவியில் லேகிய வைத்தியர். எங்களிலேயே அதிகம் சவடால் பேசியவன் மெஸ் பில்லுக்கு வைத்திருந்த பணத்தை ஒரு லாட்ஜ் வைத்தியரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அறையைக் காலி செய்யும்போதுதான் கட்டிலுக்கடியில் அந்த டப்பா கிடைத்தது, பாதி உருண்டை அப்படியே இருந்தது. விந்து போனால் உடம்பே போச்சு என்கிற இந்தப் பயத்துக்கு 1960-லேயே என்.என்.விக் என்ற மனநல மருத்துவர் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிட்டார். உடம்புக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. இதை நாங்கள் ஒருவருக்கொருவர் கேட்டிருந்தாலே போதும், ஆனால் கேட்டால் மானம் போய்விடுமே.

அப்புறம் 2019 மார்ச். பொள்ளாச்சி வீடியோ எங்கள் குரூப்புக்கும் வந்தது. ஒரு பெண் கெஞ்சுகிற குரல். "ஃபுல் வீடியோ இருக்கா மச்சி" என்று ஒருவன் கேட்டான், அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அதில் ஒன்று நான் போட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று சொன்னபோது, அதே குரூப்பில் கைதட்டல். நானும் தட்டிவிட்டு, என்னவோ தோன்றி, பழைய பேக்கப்பைத் திறந்தேன். நான் போட்ட பொம்மை அங்கேயே இருந்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீ என்னைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நான் கொஞ்ச நேரமாக அங்கேதான் நின்றிருந்தேன். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். நீ அவர்கள் முகத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் சிரித்தாய்.

ஹாஸ்டலில் சேர்க்க சித்தப்பாவுக்குப் பதில் நான் வருகிறேன், அவரிடம் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் எட்டு மணி நேரம் இருக்கிறது.

அண்ணன்