அடிபம்பை திரும்ப வெச்சுக் கொடுங்க: நம்ம அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் சார், செயலாளர் மேடம், பொருளாளர் சார், கமிட்டியில இருக்கிற மத்த எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் நம்ம குரூப்ல நீங்க போட்ட சர்க்குலரைப் படிச்சுட்டுதான் இதை எழுதறேன். மொட்டை மாடியில வெச்சிருக்கிற டிரம், பேரல் எல்லாத்தையும் மாசக் கடைசிக்குள்ள எடுத்துடணும், எடுக்கலேன்னா ஃபைன், அப்புறம் ஏ பிளாக் பின்னாடி இருக்கிற பழைய போர்வெல்லை கான்கிரீட் போட்டு மூடிட்டு அங்க வண்டிங்களுக்கு சார்ஜிங் பாயிண்ட் வரப்போகுதுன்னு சொல்லியிருந்தீங்க. அந்த போர் மேல என்ன இருந்துச்சு, பேவர் பிளாக் போடறப்ப அதை எப்படி கழட்டினீங்க, அப்ப யாரெல்லாம் வேண்டாம்னு சொன்னாங்கன்னு உங்களுக்கே தெரியும், அதெல்லாம் திரும்ப கிளற எனக்கு விருப்பம் இல்ல. நான் கேக்கறது ஒண்ணுதான். அந்த போரை மூடாதீங்க. அது மேல இருந்த அடிபம்பை திரும்ப வெச்சுக் கொடுங்க.

மிக்ஜாம் புயல் சமயத்துல இங்க என்ன நடந்துச்சுன்னு கமிட்டியில பாதிப் பேருக்கு நேராவே தெரியும், மீதிப் பேர் சொந்தக்காரங்க வீட்டுக்கோ ஹோட்டலுக்கோ போயிட்டீங்க, அது தப்புன்னு சொல்லல, போக வழி இருந்தவங்க போனாங்க. 2023 டிசம்பர் 3, 4 ரெண்டு நாளும் அடிச்ச மழை 4ம் தேதி ராத்திரிதான் ஓஞ்சுது. 5ம் தேதி புயல் ஆந்திராவுல பாபட்லா பக்கம் கரையைக் கடந்துச்சு, நமக்கு வானம் வெளுத்துடுச்சு. ஆனா வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணி இறங்கவே இல்ல. தெருவுல இருக்கிற கரண்ட் பில்லர் பாக்ஸ் எல்லாம் முங்கிக் கிடந்ததால ஈபி காரங்க கரண்டை நிறுத்திதான் வெச்சிருந்தாங்க, ஷாக் அடிச்சு யாரும் சாகக்கூடாதேன்னு செஞ்சது, அதுல அவங்களைக் குறை சொல்ல முடியாது. கரண்ட் இல்லேன்னா மோட்டார் ஓடாது. நம்ம ஜெனரேட்டர் தரையிலயே வெச்சதால முதல் நாளே முங்கிடுச்சு. பூமிக்கடியில தண்ணி தேக்கற சம்ப்போட மூடி தரை மட்டத்துல இருக்கு, அதுக்குள்ள தெருத் தண்ணியும் செப்டிக் டேங்க் தண்ணியும் கலந்து போயிடுச்சு. மேல் டேங்க்ல இருந்தது மறுநாள் மத்தியானத்துக்குள்ள தீர்ந்து போச்சு. மழையும் நின்னுடுச்சு, பாத்திரத்தை வெளிய நீட்டிப் பிடிக்கலாம்னாலும் வழி இல்ல. கீழ இடுப்பளவு தண்ணி, வீட்டுக் குழாயில ஒரு சொட்டு இல்ல.

குடிக்கற தண்ணி எப்படியோ சமாளிச்சோம். கேன் இருந்த வீட்டுல இல்லாத வீட்டுக்குக் கொடுத்தாங்க, படகுல வந்த மீனவர்கள் பாட்டில் கொடுத்துட்டுப் போனாங்க, அந்தப் புண்ணியவான்களுக்கு இன்னைக்கும் நன்றி சொல்றேன். சாப்பாடும் கஞ்சியோ உப்புமாவோ ஏதோ ஒண்ணு ஆச்சு. ஆகாதது பாத்ரூம்தான். இதைப் பத்தி அப்புறம் நடந்த எந்த மீட்டிங்லயும் யாரும் வாயைத் திறக்கல, எல்லாருக்கும் கூச்சம், அதனாலதான் நான் இங்க பச்சையா எழுதறேன். டாய்லெட்டுக்கு ஊத்த தண்ணி இல்லாம, நாலு மாடி இறங்கி, சாக்கடை கலந்த அந்தத் தண்ணியிலயே நின்னு வாளியில மொண்டு, இருட்டுல படியேறித் தூக்கிட்டு வந்தாங்க நம்ம ஆம்பளைங்களும் காலேஜ் பசங்களும். ஆள் இல்லாத வீட்டுல என்ன பண்ணுவாங்க? ரெண்டாவது மாடியில அந்தப் பாட்டிம்மா, எண்பது வயசு தாண்டினவங்க, தண்ணி குடிக்கறதையே நிறுத்திட்டாங்க. மருமகளுக்கு அப்பதான் ஆபரேஷன் ஆகி வெயிட் தூக்கக் கூடாது, மகன் வெளியூர்ல மாட்டிக்கிட்டாரு. "நான் குடிச்சாத்தானே போகணும், போனா அவ தண்ணி சுமக்கணுமே" அப்படீன்னு என்கிட்டயே சொன்னாங்க. பிரஷருக்குன்னு அவங்க சாப்பிடற மாத்திரையில ஒண்ணு அடிக்கடி ஒண்ணுக்கு போக வைக்கற மாத்திரை, அதையும் யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டாங்க. மூணாம் நாள் எழுந்து நிக்க முடியாம தலை சுத்தி விழுந்து, நாற்காலியில உக்கார வெச்சு படியில இறக்கி, படகுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. வீட்டு விலக்கா இருந்த பொண்ணுங்க பட்ட பாட்டை நான் எழுதவே வேணாம், உங்க வீட்டுலயும் பொண்ணுங்க இருக்காங்க, கேட்டுப் பாருங்க.

இதே கட்டடத்துலதான் 2015 டிசம்பரும் நடந்துச்சு. அன்னைக்கும் கரண்ட் இல்ல, ஃபோன் இல்ல, பால் இல்ல, வாசல்ல படகு வந்துச்சு. ஆனா அடிபம்பு இருந்துச்சு. ஏ பிளாக் பின்னாடி அந்த இடம் கொஞ்சம் மேடு, தண்ணி கணுக்காலுக்கு இறங்கின உடனே பசங்க மாத்தி மாத்தி அடிச்சு குடம் குடமா படியில கைமாத்தி மேல ஏத்தினாங்க. அன்னைக்கு யாரும் தண்ணி குடிக்க பயப்படல. ரெண்டு வெள்ளத்துக்கும் நடுவுல நம்ம அபார்ட்மெண்ட்ல பெயிண்ட் மாறுச்சு, கேட் மாறுச்சு, கேமரா வந்துச்சு, அடிபம்பு போச்சு. பார்க்க அசிங்கமா இருக்கு, துரு பிடிச்சிருக்கு, ரெண்டு கார் நிறுத்தற இடம் வீணாகுதுன்னு மினிட்ஸ்ல எழுதியிருக்கு, நான் படிச்சேன்.

நான் ஒண்ணும் எல்லாத்தையும் சங்கம் செய்யணும்னு உக்காந்திருக்கிற ஆள் இல்ல. ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடியே என் வீட்டுக்கு வேண்டியதை நான் தயார் பண்ணிடறேன், நம்ம பிளாக்ல நிறைய வீட்டுல இப்ப பண்றாங்க. அரிசி பருப்பு ரவை எப்பவும் ஒரு மாசத்துக்கு கையில இருக்கும். அடுப்பே பத்த வைக்க முடியாட்டியும் சாப்பிட அவல், பொரி, வேர்க்கடலை, பொட்டுக்கடலை மாவு, வெல்லம் இருக்கு. கோடையிலயே போட்ட வத்தல், வடகம், எலுமிச்சை ஊறுகாய் இருக்கு. பால் பவுடர் இருக்கு, ஏன்னா மிக்ஜாம்ல பால் பாக்கெட்டை ரெண்டு மடங்கு மூணு மடங்கு விலைக்கு வித்ததை மறக்கல. கேஸ் ரெண்டு சிலிண்டர் கனெக்‌ஷன், ஒண்ணு தீர்ந்த உடனே புக் பண்ணிடுவேன். மாத்திரை ஒரு மாசத்துக்கு கூடுதலா வாங்கி, சீட்டோட காப்பியும் சேர்த்து ஜிப் கவர்ல. இன்சுலின் போடறவங்களுக்கு, ஃப்ரிட்ஜ் நின்னுட்டா தண்ணி புகாத டப்பாவுல போட்டு மண்பானைத் தண்ணியில வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கேன். பத்து இருபது ஐம்பதுன்னு சில்லறை நோட்டு கொஞ்சம், ஏன்னா டவர் போச்சுன்னா ஜீபே போச்சு, ஏடிஎம்மும் போச்சு. பத்திரம், ரேஷன் கார்டு, மார்க் ஷீட் எல்லாம் பரண் மேல. டார்ச், பவர் பேங்க், பேட்டரியில ஓடற சின்ன ரேடியோ. இதெல்லாம் ஒவ்வொரு வீடும் தானே செஞ்சுக்கலாம், பெரிய பணமும் இல்ல, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தாலே போதும்.

ஒரு வீடு தானா செஞ்சுக்க முடியாதது தண்ணி. கணக்கு போட்டுப் பாருங்க. நாலு பேர் இருக்கிற வீட்டுல டாய்லெட்டுக்கு மட்டும் ரொம்ப சிக்கனமா ஊத்தினாலே ஒரு நாளைக்கு 100 லிட்டர் ஆகும். 20 லிட்டர் கேன்ல பார்த்தா அஞ்சு கேன், ஒரு நாளைக்கு. நாலு நாளைக்கு இருபது கேன் எந்த வீட்டுல வைக்க இடம் இருக்கு? அதனாலதான் மாடியில 200 லிட்டர் டிரம் வெச்சோம், இறுக்கமா மூடி போட்டு, பைப் நுழையற இடத்துல கொசுவலை கட்டி. டெங்கு வரும்னு நீங்க சொல்றது நியாயமான பயம், யாராவது திறந்து போட்டிருந்தா அவங்க கதவைத் தட்டிச் சொல்லுங்க, நாங்களும் வந்து சொல்றோம். அதுக்காக மூடி வெச்ச டிரம்மையும் சேர்த்து தூக்கிப் போடுன்னா எப்படி? டிரம்மும் கூடாது, அடிபம்பும் கூடாதுன்னா அடுத்த தடவை நாங்க என்ன செய்யணும்னு சர்க்குலர்ல ஒரு வரியாவது இருந்திருக்கணும். சார்ஜிங் பாயிண்ட் எங்கன்னு படம் போட்டுக் காட்டியிருக்கீங்க, கரண்ட் இல்லாத நாள்ல தண்ணி எங்கேன்னு ஒரு வார்த்தை இல்ல.

அடிபம்பு ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல சார். ஊரெல்லாம் பஞ்சாயத்துல போட்டிருக்காங்களே இந்தியா மார்க் 2, 1970கள்ல யூனிசெஃப் உதவியோட உருவாக்கினது, சென்னை கம்பெனியில தயாரிச்சு நம்ம கோயம்புத்தூர் பக்கம்தான் சோதிச்சுப் பார்த்தாங்க. 150 அடி ஆழம் வரைக்கும் இழுக்கும், நம்ம ஏரியாவுல கார்த்திகை மாசத்துல தண்ணி அதுல பாதி ஆழத்துக்குக் கூட போகாது. விடாம அடிச்சா நிமிஷத்துக்கு 12 லிட்டர் வரைக்கும் வரும். நம்ம 32 வீட்டுக்கும் வீட்டுக்கு 100 லிட்டர்னா 3,200 லிட்டர், நாலரை மணி நேரம் மாத்தி மாத்தி அடிச்சா கட்டடம் மொத்தத்துக்கும் ஒரு நாள் தண்ணி. வாஷரும் லெதர் பக்கெட்டும் தேய்ஞ்சா மாத்தணும், செயினுக்கு கிரீஸ் போடணும், வேற செலவு கிடையாது. ஜெனரேட்டருக்கு வருஷா வருஷம் கட்டற சர்வீஸ் காண்ட்ராக்ட்ல ஒரு ஓரம் கூட ஆகாது. தண்ணி உப்புன்னு பொதுக்குழுவுல ஒருத்தர் சொன்னாரு. உப்புதான். டாய்லெட்டுக்கு உப்புத் தண்ணி போதும், துணி அலசலாம், பாத்திரத்துக்கு முதல் தண்ணி விடலாம், குடிக்கத்தான் கூடாது, குடிக்க நாங்க கேக்கவும் இல்ல. வெள்ளத் தண்ணி போருக்குள்ள போகும்னா, கேசிங் பைப்பை உசத்தி, சுத்தி மேடை கட்டி, மேல இறுக்கி மூடுங்க. 2023ல தண்ணி எவ்வளவு உசரம் நின்னுச்சுன்னு ஏ பிளாக் செவுத்துல கறை இருக்கு, பெயிண்ட் அடிச்சும் தெரியுது. அதுக்கு மேல ஒரு அடி வெச்சுக் கட்டினா போதும். அதே காண்ட்ராக்டரை வெச்சு சம்ப்போட வாயையும் அந்த உசரத்துக்கு ஏத்திட்டா அதுவும் பிழைக்கும்.

இந்த ஊரே இப்படித்தான் ஆயிடுச்சு, நம்ம அபார்ட்மெண்டை மட்டும் சொல்லி என்ன பண்றது. 2003ல எல்லா கட்டடத்துலயும் மழைநீர் சேகரிப்பு வைக்கணும்னு கட்டாயம் பண்ணாங்க, எல்லாரும் ரசீதுக்காக ஒரு குழி தோண்டினோம், எத்தனை பேர் அதுல மண்ணை வாரி சுத்தம் பண்றோம்? 2019 கோடையில பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலருந்து ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்து வில்லிவாக்கத்துல இறங்குச்சு, அதை கூட்டமா நின்னு வேடிக்கை பார்த்தோம், அடுத்த மழைக்கு மறந்துட்டோம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல பெரும்பகுதியை கட்டடமும் குப்பை மேடும் ஆக்கிட்டு மிச்சத்துக்கு 2022ல ராம்சார்னு சர்வதேச அந்தஸ்து வாங்கியிருக்கோம். பத்து நிமிஷத்துல கொத்தமல்லிக் கட்டு கொண்டு வந்து தர்ற ஆள் இருக்கறதால வீட்டுல ஒரு படி அரிசி கூடுதலா வைக்கறதே பழைய காலத்து பழக்கம்னு பசங்க சொல்லுதுங்க. ஒவ்வொரு புயலுக்கும் டிவியில டார்ச் வெச்சுக்கோங்க, மெழுகுவர்த்தி வெச்சுக்கோங்கன்னு சொல்றாங்க, அடுக்குமாடியில நாலாவது மாடியில இருக்கறவ தண்ணிக்கு என்ன செய்யணும்னு ஒருத்தரும் சொல்றது இல்ல, சொன்னாலும் அவ தனியா செய்ய முடியாது, கட்டடம் சேர்ந்து செய்யணும். அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பு நீங்கதான், அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன்.

கோபமா எழுதியிருந்தா மன்னிச்சுக்கோங்க. சம்பளம் இல்லாம சங்க வேலை பார்க்கறீங்க, லிஃப்ட் நின்னா ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உங்களைத்தான் எல்லாரும் கூப்பிடறோம்னு தெரியும். சார்ஜிங் பாயிண்ட் வேண்டாம்னு நான் சொல்லல. விசிட்டர் பார்க்கிங்ல கேட் ஓரமா வைக்கலாம், ஈபி மீட்டர் ரூமும் அங்கேந்து பக்கம். தயவுசெஞ்சு அந்த போரை மட்டும் விட்டுடுங்க. பம்புக்கும் மேடைக்கும் ஆகற செலவை கார்ப்பஸ் ஃபண்ட்ல எடுக்க மனசு இல்லேன்னா வீட்டுக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுங்க, பி பிளாக்ல நான் பேசின வீடெல்லாம் கொடுக்க ரெடி. மாசம் ஒரு தடவை அடிச்சுப் பார்த்து, கிரீஸ் போட்டு, வாஷர் பார்க்கற வேலையை நானும் எதிர்வீட்டு அண்ணாவும் எடுத்துக்கறோம், எழுதியே கொடுக்கறோம்.

வர்ற பொதுக்குழுவுல இதை மத்தவை பகுதியில கடைசியா தள்ளாம முதல் அஜெண்டாவா சேருங்க. அடைமழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அடிபம்பை வெச்சுக் கொடுங்க. பொதுக்குழு முடியற வரைக்கும் கான்கிரீட் போட வேண்டாம்னு காண்ட்ராக்டர்கிட்ட இன்னைக்கே ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க, டிரம் ஃபைனையும் அதுவரைக்கும் நிறுத்தி வைங்க.

இப்படிக்கு,
பி பிளாக் நாலாவது மாடியில குடியிருக்கும் ஒரு உறுப்பினர்