தானிய எத்தனால் ஆலைகளுக்கு அனுமதியும் சலுகையும் தருமுன் நிலமாற்றக் கணக்கு பார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மக்காச்சோளம் பயிரிடும் உழவர்கள், தீவன ஆலை நடத்துவோர், பயிர்ப் பரப்புக் கணக்கிலும் தீவனச் சேர்மானத்திலும் பணிபுரிவோர்,
நாமக்கல், பெரம்பலூர், தூத்துக்குடி மாவட்டங்கள்.

பெறுநர்:
வேளாண் உற்பத்தி ஆணையர் மற்றும் அரசுச் செயலாளர் அவர்கள்,
வேளாண்மை – உழவர் நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: தானியத்திலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகள் – மறைமுக நிலப் பயன்பாட்டு மாற்றத்தைக் கணக்கில் சேர்த்தல் – ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பெட்ரோலில் எத்தனால் கலப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்களில் பாதிப்பேர் மக்காச்சோளம் விற்பவர்கள். விலை ஏறினால் எங்களுக்கு நல்லதுதான். ஆனால் ஆலைக்குப் போகும் தானியத்துக்கு ஈடாக வேறெங்கோ ஒரு நிலம் விளைந்தாக வேண்டும். அந்த நிலம் எது, அதில் முன்பு என்ன நின்றது என்ற கேள்வி இன்று எந்த அனுமதிப் படிவத்திலும் இல்லை. மறைமுக நிலமாற்றம் எனப்படும் அந்தக் கணக்கைச் சேர்க்க வேண்டும் என்பதே இம்மனு.

2018ஆம் ஆண்டு தேசிய உயிரி எரிபொருள் கொள்கை மனிதர் உண்ணத் தகாத தானியத்தையும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகையும் முன்னிறுத்தித்தான் தொடங்கியது. 20 விழுக்காடு கலப்புக்கு முதலில் வைத்த கெடு 2030. 2022ல் அதை 2025-26க்கு முன்னே கொண்டுவந்தார்கள். அவசரம் அங்கே பிறந்தது. 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனாலுக்கு அரிசி தருவதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2024 ஜனவரியில் எண்ணெய் நிறுவனங்கள் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு ரூ.5.79 ஊக்கத்தொகை சேர்த்து ரூ.71.86 ஆக்கின. ஆறே மாதத்தில் அரிசி, கரும்பு, மக்காச்சோளம் என்று சுமை கைமாறியது. 2022-23ல் சுமார் 31 கோடி லிட்டராக இருந்த மக்காச்சோள எத்தனால் 2023-24ல் சுமார் 286 கோடி லிட்டரைத் தொட்டது. டன்னுக்கு 380 லிட்டர் என்று வைத்தால் இதற்குப் போனது 75 லட்சம் டன், அதாவது நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

அந்த ஆண்டின் விளைவு உடனே தெரிந்தது. அண்டை நாடுகளுக்கு மக்காச்சோளம் விற்றுவந்த இந்தியா 2024 ஜூனில் 5 லட்சம் டன்னை 15 விழுக்காடு சலுகைச் சுங்கத்தில் இறக்குமதி செய்ய அனுமதித்தது. சரக்கு பெரும்பாலும் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்தது. மியான்மரின் ஷான் மலைப்பகுதியில் மக்காச்சோளம் காட்டைத் தள்ளிக்கொண்டு ஏறியிருப்பது பலரும் பதிவு செய்த செய்தி. இங்கே ஒரு மரம்கூட வெட்டப்படவில்லை என்று ஆலை நிர்வாகம் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். மறைமுக மாற்றம் என்பதே அப்படித்தான்; ஆலை வாசலில் நின்று பார்த்தால் தெரியாது.

ஓர் ஆலையின் கணக்கைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் வடிக்கும் ஆலை தினமும் 263 டன் மக்காச்சோளம் தின்னும். ஆண்டுக்கு 330 நாள் ஓடினால் ஏறத்தாழ 87,000 டன். ஏக்கருக்கு 25 குவிண்டால் விளைந்தால் 35,000 ஏக்கர் வேண்டும். இந்த ஆலையின் சுற்றுச்சூழல் அனுமதிக்கான அறிக்கை பார்ப்பதோ ஆலையைச் சுற்றி 10 கிலோமீட்டர் மட்டும். அதில் கழிவுநீர் உண்டு, புகைபோக்கி உயரம் உண்டு, பசுமை வளையத்தில் எத்தனை வேப்பங்கன்று என்பதுகூட உண்டு. 35,000 ஏக்கரைப் பற்றி ஒரு வரி கிடையாது. கலப்புக்கான எத்தனால் மட்டும் வடிக்கும் தானிய ஆலைகளுக்கு 2021 ஜூனில் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்தும் விலக்கு தரப்பட்டதால் உழவரோ தீவனக்காரரோ கேள்வி எழுப்ப இடமும் இல்லாமல் போனது.

இந்த ஏக்கர் முழுவதையும் ஆலையின் தலையில் கட்டுவதும் தவறு. டன்னுக்கு 250 முதல் 300 கிலோ வரை டிடிஜிஎஸ் என்ற உலர் சக்கை திரும்பி வருகிறது; அது தீவனமாகிறது. ஆனால் திரும்பி வருவது புரதம்; போனது மாவுச்சத்து. முட்டைக்கோழித் தீவனத்தில் 100 கிலோவுக்கு 50 முதல் 60 கிலோ வரை மக்காச்சோளம் சேர்ப்பது எரிசக்திக்காக. அந்த இடத்தை டிடிஜிஎஸ் நிரப்பாது. அது பிடிப்பது சோயாப் புண்ணாக்கின் இடத்தை. மலிவான சக்கை சந்தையில் குவிந்ததும் புண்ணாக்கு விலை சரிந்தது. 2024-25ல் குவிண்டாலுக்கு ரூ.4,892 என்ற ஆதார விலைக்குக் கீழே சோயா விற்றதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த காரிஃப் பருவத்தில் மத்திய இந்தியாவில் சோயாப் பரப்பு குறைந்து மக்காச்சோளப் பரப்பு ஏறியது. ஆக, நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லப்படும் சக்கையே எண்ணெய்வித்துப் பயிரை வயலிலிருந்து வெளியே தள்ளவும் செய்கிறது.

இதில்தான் கரிமக் கணக்கு கனக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மறைமுக நிலமாற்றத்தால் வரும் கரியமில வாயு உமிழ்வு, எரிபொருள் தரும் ஒவ்வொரு மெகாஜூல் ஆற்றலுக்கும் தானியப் பயிரில் 12 கிராம், எண்ணெய்வித்தில் 55 கிராம். கலிபோர்னியா மாநிலம் மக்காச்சோள எத்தனாலுக்கு 19.8 கிராம் என்று வைத்திருக்கிறது. மாதிரிக் கணக்குகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஐரோப்பியத் தானிய எண்ணே 8க்கும் 16க்கும் இடையில் ஆடுகிறது. ஆனால் இந்தக் கணக்குகள் எதிலும் அது பூஜ்யம் இல்லை. நம் நாட்டில் அதைப் பூஜ்யம் என்று எழுதிவருகிறோம். ஒப்பிடப்படும் பெட்ரோலின் உமிழ்வு 94 கிராம் என்றால், தானியத்தில் அதில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு ஆதாயம் போகும். இங்கே மக்காச்சோளம் நிலக்கடலையையோ சோயாவையோ இடம்பெயர்த்தால் இழப்பு 12ஐவிடக் கூடலாம். கொதிகலனில் நிலக்கரி எரிந்தால் மிச்சம் இன்னும் சுருங்கும்.

மானாவாரி நிலக்கடலை ஏக்கருக்கு 800 கிலோ காய் என்றால் உடைத்து ஆட்டினால் சுமார் 230 கிலோ எண்ணெய். மேலே சொன்ன 35,000 ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு கடலைக் காட்டிலிருந்து வந்தாலே 800 டன் எண்ணெய் குறையும். 2023-24ல் நாடு இறக்குமதி செய்த சமையல் எண்ணெய் சுமார் 160 லட்சம் டன். அதில் பாதிக்குமேல் பாமாயில். நியாயவிலைக் கடையில் ரூ.25க்குத் தரும் லிட்டர் பாக்கெட்டும் அதே எண்ணெய்தான். எண்ணெய்ப்பனை ஏக்கருக்கு நிறையக் காய்க்கும் என்பதால் அந்த 800 டன்னுக்கு 600 ஏக்கர்கூடத் தேவைப்படாது. பரப்பு சிறிதுதான். ஆனால் அந்த 600 ஏக்கர் சுமத்ராவிலோ கலிமந்தானிலோ வடிகால் வெட்டி உலர்த்திய கரிச்சதுப்பாக (மக்காத செடிகொடி தேங்கிய சதுப்பு நிலமாக) இருந்தால், மண்ணே ஆண்டுக்கணக்கில் உமிழ்ந்துகொண்டிருக்கும். பரப்பை மட்டும் பார்த்து இது அற்பம் என்று தள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

நம் மாநிலத்தில் நடப்பதற்கு வருகிறோம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசலில் புரட்டாசிப் பட்டத்தில் உளுந்து, பாசி, கம்பு, வெள்ளைச்சோளம், பருத்தி போட்ட காடுகளில் மக்காச்சோளம் ஏறியிருக்கிறது. இது எத்தனாலுக்கு முன்பே, கோழித் தீவனத்துக்காகத் தொடங்கியது. அதை நாங்கள் மறைக்கவில்லை. இப்போது ஆலையும் சேர்ந்து இழுக்கிறது. உளுந்து குறைந்தால் இட்லிக்கு மாவு அரைப்பது நிற்காது; நாடு உளுந்தை இறக்குமதி செய்வது பெரும்பாலும் மியான்மரிலிருந்துதான். வெள்ளைச்சோளம் போனால் தட்டையும் போகும். மக்காச்சோளத் தட்டையை மாடு அவ்வளவு விரும்பித் தின்னாது. வைக்கோலுக்குக் கூடுதல் காசு கொடுக்கும் வீடு எத்தனால் கணக்கில் எங்கேயும் வராது.

விலை ஏறினால் ஆலை தானாகவே வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வர். நடப்பது வேறு. ரூ.71.86ஐ 380 லிட்டரால் பெருக்கினால் ஒரு டன் மக்காச்சோளத்துக்கு ரூ.27,300 வரவு உறுதி. சக்கை விற்ற பணம் தனி. 2025-26 ஆதார விலை டன்னுக்கு ரூ.24,000. கலப்பு இலக்கு மாறாதது, கொள்முதல் விலை அறிவிக்கப்பட்டது. முட்டைக்கு அப்படி ஒரு உத்தரவாதம் இல்லை. மழை பொய்த்தோ படைப்புழு தின்றோ விளைச்சல் 10 விழுக்காடு குறைந்தால், அந்தக் குறை முழுவதும் விழுவது தீவனத்தின் மேலும் இறக்குமதியின் மேலும்தான்.

எனவே கீழ்க்கண்டவற்றுக்கு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. 2023ல் மாநில அரசு வெளியிட்ட எத்தனால் கலப்புக் கொள்கையின் கீழ் சலுகை கேட்கும் ஒவ்வொரு தானிய ஆலையும் மூலப்பொருள் அறிக்கை தர வேண்டும். எந்த வட்டங்களிலிருந்து, எந்த மாதங்களில், எத்தனை டன். விளைச்சல் பொய்த்தால் எங்கிருந்து வாங்கும் என்பது அதில் இருக்க வேண்டும். "திறந்த சந்தை" என்று ஒற்றைச் சொல்லில் எழுதித் தந்தால் ஏற்கக் கூடாது.

2. அந்த அறிக்கையைச் சரிபார்க்கப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. கிராம நிர்வாக அலுவலர் வயல்வாரியாகப் பயிரைப் பதியும் அடங்கலும், பொருளியல் – புள்ளியியல் துறையின் பருவம் மற்றும் பயிர் அறிக்கையும் இருக்கின்றன. ஆலை தொடங்குமுன் 3 பசலி (வருவாய்த் துறையின் ஜூலை–ஜூன் ஆண்டு), தொடங்கிய பின் 3 பசலி என்று குறுவட்ட (பிர்கா) வாரியாகப் பயிர்ப் பரப்பை எடுக்க வேண்டும். இதில் வழக்கமாக நேரும் பிழை, ஆலைப் பகுதியை மட்டும் பார்ப்பது. நல்ல மழை ஆண்டில் எல்லாப் பரப்பும் ஏறும். அதை ஆலையின் கணக்கில் எழுதிவிடுவோம். ஆகவே அதே மண், அதே மழை, ஆனால் ஆலைக்குத் தொலைவான குறுவட்டங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அடங்கலில் போன ஆண்டுப் பயிரையே பார்த்து எழுதும் வழக்கமும் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் பரப்பு மதிப்பீட்டோடு ஒத்துப்பார்த்தால் அது பிடிபடும். தமிழ்நாட்டுப் பயிர் மாற்றத்துக்குப் பொருந்தும் உமிழ்வு எண் ஒன்றைக் கணிக்கும் பணியையும் அப்பல்கலைக்கழகத்திடமே ஒப்படைக்கலாம்.

3. முதலீட்டு மானியத்தை மூலப்பொருள் பார்த்துப் பிரிக்க வேண்டும். கடைசிக் கழிவுப்பாகு, அதாவது சி-ஹெவி, சர்க்கரை எடுத்து முடித்தபின் வருவது. அதற்கென்று யாரும் புது நிலம் உழுவதில்லை. முதல் இடம் அதற்கு. உண்மையிலேயே கெட்டுப்போன தானியம் அடுத்தது. ஆனால் "சேதமடைந்த தானியம்" என்ற சீட்டோடு நல்ல குருணை உள்ளே போகாமலிருக்க, லாரிக்கு லாரி மாதிரி எடுத்துச் சோதித்த பதிவேடு வேண்டும். புதுத் தானியத்துக்கு மாநில மானியம் வேண்டாம். பயிர்க் கழிவு என்றால் எல்லாமே கழிவு என்று எண்ணிவிடவும் வேண்டாம்: அரியானாவின் பானிப்பட்டில் வயலிலேயே எரித்துவந்த வைக்கோல் நம் டெல்டாவில் பால்மாட்டுத் தீனி.

4. டிடிஜிஎஸ் ஒவ்வொரு தொகுதியையும் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சுக்கான சோதனை முடித்தே விற்க வேண்டும். மாவுச்சத்து வெளியேறும்போது நஞ்சு வெளியேறுவதில்லை. 10 பிபிபி (நூறு கோடியில் பத்துப் பங்கு) நஞ்சு உள்ள மக்காச்சோளம் 30 பிபிபி சக்கையாகும். உலர்த்தியில் கருகினால் புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் கெடும். காப்பித்தூள் நிறத்தில் வரும் மூட்டையில் சீட்டில் எழுதிய புரதம் இருந்தாலும் கோழிக்குச் சேராது. இப்படித் தள்ளுபடியாகும் சக்கையை நிலம் மிச்சப்படுத்திய கணக்கிலும் சேர்க்கக் கூடாது.

5. மேய்க்கால் புறம்போக்கையும், சீமைக்கருவேலம் நிற்கும் மானாவாரித் தரிசையும் எரிபொருள் பயிருக்கான "பயனற்ற நிலம்" என்று பட்டியலிட வேண்டாம். உயிரி டீசலுக்கான காட்டாமணக்கு விரிவாக்கத்தில் இதே தவறு நடந்தது. ஏட்டில் தரிசாக இருந்தது ஊரில் ஆட்டு மேய்ச்சலாகவும் விறகாகவும் கரிமூட்டமாகவும் இருந்தது. தண்ணீர் பாய்ச்சாத காட்டாமணக்கு சொன்ன அளவில் பாதிகூடக் காய்க்கவில்லை.

6. தேசிய உயிரி எரிபொருள் ஒருங்கிணைப்புக் குழுவுக்கு மாநில அரசு இரண்டு கருத்துகளை எழுத வேண்டும். எத்தனால் கொள்முதல் விலையில் மூலப்பொருளின் மறைமுக நிலமாற்ற எண்ணைக் கழித்துக் காட்டுவது ஒன்று. மக்காச்சோள விளைச்சல் மூன்றாண்டுச் சராசரிக்குக் கீழே போகும் ஆண்டில் தானிய எத்தனால் ஒதுக்கீடு தானாகக் குறையும்படி ஒப்பந்தத்திலேயே ஒரு விதி வைப்பது மற்றொன்று. அக்டோபரில் ஆண்டு ஒதுக்கீடு முடிவாகிவிடும் என்பதால், ஆடிக்குள் கடிதம் தில்லி போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த நவம்பரில் தொடங்கும் எத்தனால் ஆண்டுக்குப் பயன்படும்.

ஒரு லட்சம் லிட்டர் ஆலைக்கான கணக்குத் தாளும், மூன்று பசலிக்கான குறுவட்டப் படிவத்தின் மாதிரியும் இத்துடன் இணைத்துள்ளோம். துறை அழைத்தால் எந்த நாளும் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

இடம்: நாமக்கல்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்