செல்விக்கு, திருப்பூரிலிருந்து

அன்புள்ள செல்வி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து மீன்காரரிடம் அவர் பேரம் பேசுவதை நீ எழுதியிருந்தாய். அதை இங்கே சத்தமாகப் படித்துக் காட்டினேன், ஒரே சிரிப்பு. கார்த்தி பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் சந்தோஷம். அவனுக்கு என் வாழ்த்தைச் சொல்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் கேட்பது போல ஒன்று கேட்டிருக்கிறாய். கல்யாணத்தோடு நின்றுபோன பி.காமை இப்போது முடிக்கலாமா, ஆஸ்பத்திரி பில்லிங் வேலையையும் பார்த்துக்கொண்டு முடியுமா என்று. ஏட்டி, நீ கடிதம் எழுதியதே அதற்காகத்தான் என்று எனக்குத் தெரியாதா? உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான்.

முடியும். ஆனால் யாருடைய புண்ணியத்தில் முடிகிறது என்பதை நான் எம்.ஏ.வில் சேரும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: நேரம் ஒதுக்கினால் படித்துவிடலாம். கணக்கெழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தப் பேச்சு பிடிபடுவதில்லை. ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று வைத்தாக வேண்டும். நான் புத்தகத்தோடு உட்காரும் ஒரு மணி நேரம் யாருடைய கணக்கிலிருந்து போகிறது?

இக்னோவில், அதாவது வீட்டிலிருந்தே படிக்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. பாடம் வாசிப்பது, வகுப்புக்குப் போவது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் அதற்குள் அடக்கம். நான் சேர்ந்த எம்.ஏ. வரலாற்றில் முதல் வருடம் நான்கு தாள், ஒவ்வொன்றும் 8 கிரெடிட். தாளுக்கு 240 மணி நேரம், நான்குக்கும் 960. வகுத்துப் பார், தினம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வரும், தீபாவளி பொங்கல் உட்பட. காலை 9 மணிக்கு ஆபீசுக்குள் நுழைந்து இருட்டிய பிறகு வெளியே வருகிறவளுக்கு அது எங்கே இருக்கிறது? விடியற்காலையில் எழுந்து படி என்பார்கள். எழுந்தேன். அதில் பாதி தேறியது. மீதியை வீட்டில் இருப்பவர்களிடமிருந்துதான் எடுத்தேன்.

இவர் பங்கு கண்ணுக்குத் தெரிகிற பங்கு. ராத்திரி தோசை ஊற்றுவதும் காலையில் யாழினியைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றுவதும் இவர் கைக்குப் போய்விட்டன. தோசை முதலில் வட்டமாக வராது, இப்போது என்னுடையதைவிட நன்றாகவே வருகிறது. அதற்கு அக்கம்பக்கத்தில் பாராட்டும் கிடைத்துவிட்டது. பெண்டாட்டியைப் படிக்க வைக்கிறார் என்று பெயர். நான் என் சம்பளத்தில் பீஸ் கட்டுகிறேன் என்பதை யாரும் சொல்வதில்லை, போகட்டும்.

ஆனால் அதிகம் கொடுத்தது எங்கள் அத்தை. மாமியாரைத்தான் சொல்கிறேன். ஆபீஸ் விட்டு வந்து காபி குடித்துவிட்டு, நானும் அவரும் கூடத்தில் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு மறுநாளைக்குக் கீரை ஆய்வோம். பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பவருக்குப் பேச்சுத் துணை அந்த நேரம்தான். மாடி வீட்டுச் சண்டை, கீரைக்காரி மகள் கல்யாணம், சுரண்டையில் மழை பெய்ததா இல்லையா, எல்லாம் அப்போது வரும். நான் சேர்ந்த பிறகு அந்த நேரத்துக்குத்தான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனேன். அத்தை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எதிர்வீட்டில், "எங்க மருமக பரீட்சைக்குப் படிக்கா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அப்புறம் முறத்தை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விட்டார். பாதிக் கீரையைத் தண்டோடு போட்டு வைத்திருப்பார். கண் சீரியலில், கை அதுபாட்டுக்கு ஓடும்.

என்னவர் தூக்கம் கெட்டால் மறுநாள் முணுமுணுப்பார். யாழினி என்றால் கத்தியே சொல்லிவிடுவாள். கேட்காதவர்களிடமிருந்துதான் நாம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறோம், செல்வி. உன் வீட்டில் அது யார் என்று முதலில் யோசி. அண்ணன் துறைமுகத்துக்கு லாரியில் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. கார்த்தி இனி காலையில் போய்ச் சாயங்காலம் வருவான். எனக்கென்னவோ உன் அம்மாதான் என்று தோன்றுகிறது. பீஸ் எவ்வளவு, புத்தகம் எங்கே என்பதெல்லாம் அப்புறம். அம்மாவிடம் போய், "இந்த நேரத்தை நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன், பதிலுக்கு இந்த நேரம் உனக்கு" என்று வாய்விட்டுச் சொல். எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமைச் சாயங்காலம் அத்தையுடையது. புத்தகம் வெளியே வராது.

அதில் ஒரு வேடிக்கை. பேச்சு எப்படியும் பாடத்துக்கே வந்துவிடுகிறது. இந்தியப் பொருளாதார வரலாறு என்று ஒரு தாள். அதற்காகப் படிக்கப் போய், தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளுக்குள் விழுந்துவிட்டேன். ராஜராஜன் காலத்தில் கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காசுக்கு வருடத்துக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. வட்டி வருகிறவரை முதலுக்குக் கை வைக்க வேண்டாம், அந்த வட்டியில் விளக்கும் பூஜையும் நடந்துகொண்டிருக்கும். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டி வைத்த லெட்ஜர்! எந்த ஊர், எவ்வளவு காசு, எதற்காக, வட்டி எவ்வளவு, எல்லாம் இருக்கிறது. எங்கள் ஆபீஸ் வவுச்சர்களில் பாதிக்கு இந்த விவரம் கிடையாது.

இதை அத்தையிடம் சொன்னேன். கீரையைக் கீழே வைத்துவிட்டு, "எட்டுல ஒண்ணு வருசத்துக்கா? பரவால்லயே. நம்ம ஊருல மாசம் மூணு ரூவா வட்டின்னு வாங்கினானே" என்றார். மனக்கணக்காக வருடத்துக்கு முப்பத்தாறு என்றும் சொன்னார். மாமா விதைநெல்லுக்குக் கடன் வாங்கிய கதை முழுக்க அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதுவரை சொன்னதே இல்லை.

படிப்பால் என்ன லாபம் என்று எங்கள் முதலாளி கேட்டார். சம்பளம் கூடப்போவதில்லை, அவர்தானே போட வேண்டும்! காங்கயம் ரோட்டில் படியூர் என்று ஓர் ஊர், பஸ்ஸில் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். அங்கே பச்சைக்கல் எடுத்திருக்கிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அகழாய்வில் மணிகள் செய்த பட்டறையும் இரும்பு உருக்கிய உலையும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானையோடுகளும் கிடைத்த இடம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இதுதான் என்கிறார்கள். ரோமாபுரிக் காசு இந்தக் கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கிறது. வெளிநாட்டு ஆர்டருக்காகச் சரக்கு செய்து அனுப்புகிற வேலை இந்த நொய்யல் கரைக்குப் புதிது இல்லை, அப்போது மணி, இப்போது பனியன். எக்ஸ்போர்ட் இன்வாய்ஸ் போடும்போது இதை நினைத்தால் ஓர் உற்சாகம் வருகிறது. முதலாளிக்கு இதை எப்படி விளக்க? சும்மா ஆசைக்குத்தான் சார் என்று சொல்லிவிட்டேன்.

இனி நீ கேட்ட மற்ற விஷயங்கள். எழுத்துதான் முதல் கஷ்டம். டேலியும் எக்செல்லுமாக வாழ்ந்துவிட்டு, கையால் எழுதுவது கையெழுத்து போடும்போது மட்டும்தான் என்று ஆகிவிட்டது. அசைன்மென்ட் ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை, விடைக்கு 500 வார்த்தை அளவு. மூன்றாவது பக்கத்திலேயே விரல் மரத்துப்போகும். அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம் என்பதால் தள்ளிவிடவும் முடியாது. தேர்விலும் மூன்று மணி நேரத்தில் அதே ஐந்து விடை. காலேஜில் நம் நடுவிரலில் இருந்த காய்ப்பு எனக்குத் திரும்ப வந்துவிட்டது. நீயும் இன்றிலிருந்தே தினம் ஒரு பக்கமாவது எழுதிப் பழகு, பேப்பரைப் பார்த்து எழுதினாலும் சரி. ஜெல் பேனா வேண்டாம், வேர்த்த கைக்கு இழுகிவிடும்.

அடுத்தது காலண்டர். ஆபீசில் பணம் கட்டவும் கணக்குத் தாக்கல் செய்யவும் எனக்கு மாதாமாதம் கெடு உண்டு: 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15-ஆம் தேதி பிஎஃப், ஈஎஸ்ஐ, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. 20-க்கு அப்புறம் மாதக் கடைசி வரைதான் மூளையில் இடம் இருக்கும். அதனால் தினம் இத்தனை பக்கம் என்ற கணக்கையே விட்டுவிட்டேன். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வருகிறது. நான்கு தாளையும் ஒரே மூச்சில் எழுதவில்லை, இரண்டை ஜூனில், இரண்டை டிசம்பரில். எம்.ஏ.வுக்குக் குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் நான்கு வருடம் கொடுக்கிறார்கள். பி.காமுக்கு மூன்று முதல் ஆறு. அந்த ஆறு வருடம் நம்மைப் போன்றவர்களுக்காகத்தான், பயன்படுத்திக்கொள்வதில் வெட்கம் என்ன? பில்லிங்கில் உனக்கு நைட் ஷிஃப்ட் எந்த வாரம் வருகிறது என்று பார்த்து, உனக்கும் இப்படி ஒன்று போட்டுக்கொள்.

பழைய இரண்டு வருட மார்க்கை வைத்து மூன்றாம் வருடத்தில் சேர முடியுமா என்று கேட்டிருந்தாய். முடிந்தாலும் நான் உன் இடத்தில் இருந்தால் முதலிலிருந்தே தொடங்குவேன். நாம் படித்தது விற்பனை வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அந்தப் பாடத்தையே மாற்றிவிட்டது.

ஒரு வருடத்தில் டிகிரி வாங்கித் தருகிறேன் என்று உன் ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடு. மூன்று வருடப் படிப்பு ஒரு வருடத்தில் முடியாது. அனுமதி இருக்கிற இடத்தில் வாங்கிய தொலைநிலைப் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனால் அனுமதி ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி. நீ சேர்கிற வருடத்துக்கு உன் பாடம் பட்டியலில் இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பக்கத்தில் பார்த்துக்கொள். பிரமோஷனுக்காக என்றால் எச்ஆரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கி வை. வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது.

இங்கிலீஷ் பயமாக இருந்தால் சைதாப்பேட்டையில் இருக்கிற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பார். 2002-இல் தொடங்கியது, தமிழ் வழியில் படிக்கலாம். இக்னோதான் வேண்டுமென்றால் ஜனவரி, ஜூலை இரண்டு முறை சேர்க்கை உண்டு. பணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய். அவர்களுடைய பாடப் புத்தகங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. ஒரு யூனிட்டை இறக்கி, டியூட்டி முடிந்து வந்த ஒரு நாளில் உட்கார்ந்து படித்துப் பார். தூக்கம் வந்தால் தப்பில்லை, எனக்கும் வந்தது. மறுநாள் அந்தப் பக்கத்தையே திரும்ப எடுக்கத் தோன்றுகிறதா என்று மட்டும் கவனி. தோன்றினால் சேர்.

அம்மாவிடம் பேசிவிட்டு எனக்கு போன் பண்ணு. 20-ஆம் தேதி வரை பண்ணாதே, எடுக்க மாட்டேன். அதற்கப்புறம் எப்போது வேண்டுமானாலும் பண்ணு, சனிக்கிழமைச் சாயங்காலம் என்றால் அத்தையும் பேசுவார்.

அன்புடன்,
மாலா