‘பீக்கோ’ என்பது அலகு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மொழிப் பயிற்சிப் பகுதியில் அண்மையில் வெளிவந்த ஸ்பானியச் சொற்பட்டியலில், ‘பீக்கோ’ என்ற பெயர்ச்சொல்லுக்கு நேரே ‘அலகு’ என்று மட்டும் அச்சாகியிருந்தது. அது பிழையன்று, பறவையின் அலகுக்கு ஸ்பானியத்தில் அதுதான் பெயர். ஆனால் அந்த ஒரு பொருளை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொண்டு ஸ்பானியச் செய்தித்தாள் ஒன்றைத் திறப்பவர் இரண்டாவது பத்தியைத் தாண்டுவதற்குள் தடுமாறிப்போவார் என்பதை, பல ஆண்டுகளாக அம்மொழியைக் கற்பித்து வருபவன் என்ற முறையில் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

என் மாணவர் ஒருவர் கூட்டம் பற்றிய ஒரு செய்தியில் ‘சின்குவென்தா இ பீக்கோ பெர்சோனாஸ்’ என்ற தொடரைக் கண்டு, ‘ஐம்பது நபர்களும் ஓர் அலகும்’ என்று குறிப்பேட்டில் எழுதி, பொருள் பொருந்தாததால் பென்சிலால் இருமுறை அடிக்கோடிட்டு எடுத்து வந்தார். நம்மிடம் இதற்கு அச்சொட்டான சொல் இருக்கிறது: சொச்சம். ‘ஐம்பது சொச்சம் பேர்’ என்பதுதான் அத்தொடர். மணி கேட்டால் ‘லாஸ் த்ரெஸ் இ பீக்கோ’ என்பார்கள். மூன்று மணி தாண்டிச் சற்று நேரம் ஆகிறது என்று பொருள். முழு எண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மிச்சம் என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது. எத்தனை பேரைக் குறித்தாலும் அந்த இடத்தில் ‘பீக்கோ’ பன்மை ஏற்பதில்லை என்பதையும் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இதே சொல் மிச்சத்தை விட்டுப் பெருந்தொகைக்குத் தாவுவதுதான் கற்பவர்களை மிகவும் குழப்புகிறது. ‘லே கோஸ்தோ உன் பீக்கோ’ என்றால் அது அவருக்குச் சொற்பத்தில் முடிந்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில், ஏகப்பட்ட பணம் செலவாயிற்று என்று பொருள். எண்ணுக்குப் பின் ‘இ’ என்ற இணைப்புச் சொல்லோடு வந்தால் சொச்சம், விலையைச் சொல்லும் வினையோடு தனித்து வந்தால் பெருந்தொகை என்று பிரித்துக் காட்டிய பிறகுதான் குழப்பம் தீர்கிறது. எந்தச் சொற்பட்டியலும் இதைச் சொல்லித் தருவதில்லை.

மலை முகடு, பாறை உடைக்கும் கூர்முனைக் கருவி, கூசாவின் மூக்கு ஆகியவற்றுக்கும் இச்சொல்லே வழங்குகிறது. கூர்மையாக முன்னே நீளும் பகுதி என்று நினைவில் கொண்டால் இவை எளிதில் பிடிபடும். ஸ்பெயினின் வடக்கில் உள்ள ‘பீக்கோஸ் தே எவுரோப்பா’ மலைத்தொடர், 1918இல் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா அமைந்த பகுதி. நாவன்மை மிக்கவரை ‘பீக்கோ தே ஓரோ’, அதாவது பொன் அலகு உடையவர், என்று பாராட்டுவதும் உண்டு.

பொருளைவிட முக்கியமானது, அது எந்த நாட்டில் வழங்குகிறது என்பது. நெரிசல் மிகுந்த நேரத்தை ஸ்பெயினில் ‘ஓரா பூந்தா’ என்பார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் அதுவே ‘ஓரா பீக்கோ’. கொலம்பியத் தலைநகர் பொகோத்தாவில் 1998 முதல் நடைமுறையில் உள்ள ‘பீக்கோ இ பிளாக்கா’, வாகனப் பதிவெண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துக் குறிப்பிட்ட நேரங்களில் வண்டி ஓட்டத் தடை விதிக்கும் விதி. நெரிசல் நேரமும் எண்பலகையும் சேர்ந்த பெயர் அது. அலகையும் தகட்டையும் வைத்துக்கொண்டு இதை எவராலும் ஊகிக்க முடியாது. கொலம்பியாவிலேயே ‘பீக்கோ’ என்றால் இதழில் பட்டும் படாமலும் தரும் முத்தம் என்ற பொருளும் உண்டு.

சிலி நாட்டிலோ அது ஆணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல். இதை எழுதத் தயங்கினேன். ஆனால் எழுதாமல் விடுவது கற்பவர்களுக்குச் செய்யும் தீங்கு. வேலைக்காகச் சாந்தியாகோ சென்ற என் மாணவி ஒருவர், முதல் வாரத்திலேயே ஒரு கூட்டத்தில் ‘த்ரெஸ் இ பீக்கோ’ என்று மணி சொன்னபோது, அறையில் ஒரு கணம் பேச்சு நின்று, எதிரே இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டாராம். அங்கே ‘இ தான்தோ’ என்று சொல்வதே வழக்கம் என்பதைப் பிறகு ஒரு தோழி தனியே அழைத்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் பட்ட கூச்சத்துக்கு, ஸ்பெயின் வழக்கை மட்டும் கற்பித்த நானும் பொறுப்பு என்று இன்றும் கருதுகிறேன்.

ஸ்பானிய மொழிக் கழகங்களின் கூட்டமைப்பு 2010இல் வெளியிட்ட, அமெரிக்கக் கண்டங்களின் ஸ்பானிய வழக்குச் சொற்களுக்கான அகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் அது வழங்கும் நாட்டைச் சுருக்கக் குறியால் காட்டுகிறது. தங்கள் பட்டியலிலும் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறு தொடரையும் நாட்டின் பெயரையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன். அதற்காக வாரத்துக்கு இருபது சொற்களை ஐந்தாகக் குறைக்க நேர்ந்தாலும் வாசகர்களுக்கு இழப்பில்லை. முதலில் ‘பீக்கோ’வையே மறுபடி எடுத்துக்கொண்டு, சொச்சம், பெருந்தொகை, நெரிசல் நேரம் ஆகிய மூன்றையும், சிலிக்குச் செல்வோருக்கான எச்சரிக்கையையும் அடுத்த இதழிலேயே வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஸ்பானியம் கற்பிக்கும் வாசகர் ஒருவர்